ஹெலிகாப்டருக்கு எடை பார்த்தோம்

எனக்குக் கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த மூன்றாவது வருடம் அது. அறுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. என் கணவர் சின்ன அளவில் ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்திவந்தார். நான் விருதுநகரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா இதைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் வாங்கியிருந்தார். கல்யாணமான மறு மாதமே கம்பெனிக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. கல்கத்தாவிலிருந்து வரும் ஆர்டர், நனைந்துபோன லோடுக்காக ரயில்வேக்குப் புகார், லைசென்ஸ் புதுப்பிக்க மனு. எல்லாவற்றையும் நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

அவருக்கு நான்கு சிநேகிதர்கள். ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூப்பந்து விளையாடுவார்கள். ஒருவர் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்காரர். ஒருவர் பக்கத்து ஊரான ஆனைக்குட்டத்தில் நிலபுலம் வைத்திருந்தவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். மூத்தவர் விருதுநகரில் மிளகாய் வத்தலும் மல்லி விதையும் மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி. ஆட்டத்தில் அண்ணாச்சி எப்போதும் பின்வரிசைதான். பந்து அவரிடம் வந்தால் பிரமாதமாக அடிப்பார். அவர் பந்திடம் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார்கள். பிரஸ்காரர் கையில் ஒரு வெளிநாட்டுக் காலண்டரைச் சுருட்டி வைத்திருந்தார். யாரோ ஒரு மை வியாபாரி மாதிரிக்குக் கொடுத்தது. பிப்ரவரி மாதத்துத் தாளை விரித்து என்னிடம் நீட்டினார்.

"இதை மாதிரி ஒண்ணு போடலாம்னு ஆர்ட்டிஸ்ட்டுகிட்டக் குடுத்தேன். அவர், கால்ல ஏன் ஏர்க்கால் கட்டியிருக்காகன்னு கேக்காரு. கீழ என்ன போட்டிருக்கு, பாருங்க."

படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. உச்சியில் ஒரு ஹெலிகாப்டர். பக்கத்தில் ஆறு பேர், காலில் நீளநீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஹெலிகாப்டர் இவர்களை உச்சியில் இறக்கிவிட்டுப் போய்விடும். இவர்கள் பலகையில் நின்றபடியே பனியில் சறுக்கிக் கீழே வருவார்கள்.

தாள் ஐந்து பேர் கைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"எறங்குறதுக்கும் அதுலயே வந்தா என்னவாம்?" என்றார் அண்ணாச்சி.

அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் அண்ணாச்சி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. விருதுநகரில் அவருக்கு எதிர்க்கடைக்காரரான எண்ணெய் மில் முதலாளி, காசிக்குப் போனவர், பாதி தூரம் விமானத்தில் போய்விட்டு வந்து அதையே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பேச்சை எடுத்தாலும் "மேல இருந்து பாத்தா" என்று ஆரம்பிப்பாராம். மழை பெய்யவில்லையே என்றால்கூட.

"தங்கச்சி, நம்ம தேசத்துல இந்த மாதிரி எங்கன உண்டு? எழுதிக் கேளேன்" என்றார்.

இங்கிலீஷ் பேப்பரில் வந்த விளம்பரங்களைப் பார்த்து மூன்று இடங்களுக்கு எழுதினேன். மூன்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு ஆட்டமே நடக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து ஐவரும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வாசற்படியருகே நின்று படித்தேன்.

முதல் பதில் பம்பாயிலிருந்து. சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போவார்கள். பாஸ்போர்ட் வேண்டும், வெளிநாட்டுப் பணத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், போகிற காரணத்தை எழுத வேண்டும். காரணம் என்ன எழுதுவது என்று யோசித்தார்கள். சறுக்குவதற்கு என்று எழுதினால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டான் என்று டிரில் வாத்தியார் சொன்னார். அது தள்ளுபடி.

இரண்டாவது சென்னைக் கம்பெனி. ஸ்பெஷல் ரயில், நாற்பது நாள், காசி, ஹரித்வார், கடைசியில் காஷ்மீர். இருநூறு பேர். சமையல்காரர் கூடவே வருவார். புளியோதரை, வத்தக்குழம்பு, இரவில் ரசம். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

"அதுல பனி உண்டா?" என்று என் கணவர் கேட்டார்.

"தூரத்துல இருந்து காட்டுவாகளாம்" என்றேன்.

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரசத்தை இங்கனயே குடிச்சுக்கலாம்" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

மூன்றாவது பதில் டெல்லியிலிருந்து. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி தன் கையாலேயே எழுதியிருந்தார். ஒரு குழுவுக்கு ஆறு பேர். ஐந்தும் கூடாது, ஏழும் கூடாது. டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம், பிறகு பஸ், பிறகு மட்டக்குதிரை. குல்மார்க்கில் மரவீட்டில் எட்டு நாள் தங்கல். சறுக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர். ஒரு நாள், வானிலையும் அரசாங்க அனுமதியும் ஒத்துவந்தால், ஹெலிகாப்டரில் மேல்சரிவுக்கு ஏற்றிப்போவார்கள். ஒரு நடைக்கு இரண்டு பேர். இரண்டு பேரின் எடையும் சேர்ந்து முந்நூற்று நாற்பது பவுண்டுக்கு மேல் போகக் கூடாது.

ஆறு பேர் என்பதுதான் முதல் சிக்கல். இருப்பதோ ஐந்து. அதிலும் டிரில் வாத்தியார், தை மாதத்தில் ஹெட்மாஸ்டர் லீவு தரமாட்டார் என்று கையை விரித்துவிட்டார். "நான் இங்கன இருந்தே உங்களுக்கு டிரெயினிங் குடுத்திருதேன்" என்றார்.

ஏன் தை மாதம் என்றால், அதற்கு ஒரு தனி ஞாயிறு போனது. தீபாவளி கழியும்வரை என் கணவர் நகர முடியாது. காலண்டர் எல்லாம் பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதுவரை பிரஸ்காரர் தூங்குவதே பிரஸ்ஸில்தான். மாசி பிறந்தால் புது வத்தல் வரத்து, அண்ணாச்சி கடையைவிட்டு எழ மாட்டார். ஆனைக்குட்டத்துக்காரர் தை அறுப்பு என்றார். அறுப்பைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று மற்ற மூன்று பேரும் அவருடைய தம்பியைக் கேட்காமலேயே முடிவு செய்தார்கள். எல்லாருடைய சீசனையும் கழித்தபிறகு மிச்சமிருந்தது பொங்கலுக்கும் மாசிக்கும் நடுவில் நாலே வாரம். பனியும் அப்போதுதான் நன்றாக விழும் என்று டெல்லிக் கடிதம் சொன்னது. அவர்களுடைய சீசனைப் பனியும் மதித்ததில் அண்ணாச்சிக்குத் திருப்தி.

எடை பார்க்க விருதுநகருக்கே போனோம். அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. கிலோக் கணக்கு அப்போது புதிது. ஒரு தட்டில் எடைக்கல், இன்னொரு தட்டில் ஆள். என்னை அழைத்துப் போனது கிலோவைப் பவுண்டாக மாற்றிச் சொல்வதற்கு.

என் கணவர் அறுபத்தெட்டு. பிரஸ்காரர் அறுபத்தொன்று. ஆனைக்குட்டத்துக்காரர் எழுபத்திரண்டு. கடைசியாக அண்ணாச்சி தட்டில் ஏறி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கோயில் யானைமேல் உட்கார்ந்தவர்போல நேராகப் பார்த்தபடி இருந்தார். எடைக்காரர் கல்லை வைத்துக்கொண்டே போனார். கடைசியில், "ரெண்டு மூடை, ஒம்பது கிலோ" என்று பழக்கதோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார். மூட்டை என்றால் அங்கே ஐம்பது கிலோ.

நான் கணக்குப் போட்டேன். இருவருக்கு மொத்தம் நூற்று ஐம்பத்து நாலு கிலோதான் அனுமதி. அண்ணாச்சிக்கு ஜோடியாக வருகிறவர் நாற்பத்தைந்து கிலோவுக்குமேல் இருக்கக் கூடாது. அப்படி யாரும் அங்கே இல்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது அண்ணாச்சியின் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"என்னைய நிறுங்க."

"நீ எதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"எட்டு நாளு அங்கன உங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா? நானும் வாரேன். நிறுங்க."

மதினி எழுபத்து நாலு. அண்ணாச்சியோடு சேராது. ஆனால் ஆனைக்குட்டத்துக்காரரோடு சேர்த்தால் நூற்று நாற்பத்தாறு, சரியாக வந்தது. ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். ஆறாவது, நாற்பத்தைந்து கிலோவுக்குள் ஓர் ஆள்.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏபுள்ள, நீ தட்டுல ஏறு" என்றார்.

நாற்பத்திரண்டு கிலோ. கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் வீட்டில் என்னைப் பற்றி இருந்த ஒரே குறை நான் ஒல்லி என்பதுதான். அன்றைக்கு அதே காரணத்துக்காக ஐந்து பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, நீயும் வா" என்றார். இப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது. என் இங்கிலீஷுக்காகவோ என் ஆசைக்காகவோ அல்ல. அண்ணாச்சியின் எடைக்கு ஈடாக.

நூற்று ஒன்பதும் நாற்பத்திரண்டும் நூற்று ஐம்பத்தொன்று. எங்கள் இருவர் கோட்டுக்கும் பூட்ஸுக்கும் சேர்த்து மூன்று கிலோதான் மிச்சம். அன்றிலிருந்து மதினி அண்ணாச்சிக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கேப்பைக்களி கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. நான் ஒரு கிலோ கூடிவிட்டேன். சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன்.

டெல்லியிலிருந்து ஆறு விண்ணப்பப் பாரங்கள் வந்தன. எல்லாவற்றையும் நான்தான் பூர்த்தி செய்தேன். பெயர், வயது, எடை, தொழில். அடுத்து, சறுக்குவதில் எப்படி: புதியவர், ஓரளவு அறிந்தவர், தேர்ந்தவர்.

டிரில் வாத்தியார், தான் போகாவிட்டாலும், விட்டுக்கொடுக்கவில்லை. "ஏன் நம்மள நாமே கொறைச்சுச் சொல்லணும்? பூப்பந்துல பைனல் வரைக்கும் போன டீமு. தேர்ந்தவர்னு போடுங்க."

"தேர்ந்தவர்னு போட்டா உச்சியில எறக்கி விட்டுட்டு ஹெலிகாப்டர் போயிரும், வாத்தியாரய்யா" என்றேன்.

"புதியவர்னு போடு, தாயி" என்றார் அண்ணாச்சி. "கொட்டை எழுத்துல போடு."

விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று ஓர் இடம். அண்ணாச்சி மதினியின் பெயரைச் சொன்னார். மதினி அண்ணாச்சி பெயரைச் சொன்னார். என் கணவர் பிரஸ்காரரைச் சொன்னார், பிரஸ்காரர் என் கணவரை. விபத்து நடந்தால் எல்லாரும் அங்கேதானே இருப்போம் என்று நான் சொன்னபிறகு, ஆறு பாரத்திலும் டிரில் வாத்தியார் பெயரை எழுதினோம். அவருக்கு அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

பாரத்தின் பின்பக்கத்தில் பனிச்சரிவு பற்றி எச்சரிக்கை இருந்தது. பெருஞ்சத்தம் கேட்டால்கூட மலையிலிருந்து பனி பாளம் பாளமாகச் சரியலாம் என்று எழுதியிருந்தார்கள். என் கணவருக்கு இது பெரிய அடி. மலை உச்சியில் வைத்துக் கொளுத்த நாலு ராக்கெட்டும் ஒரு சரவெடியும் தனியாகச் செய்யச் சொல்லி வைத்திருந்தார். நான் தொழில் என்ற இடத்தில் பட்டாசு உற்பத்தி என்று எழுதி அனுப்பியதும், அதிகாரியிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. தங்கள் தொழிலைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும். வீட்டிலேயே என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாமே 'அன்புள்ள ஐயா' என்றுதான் ஆரம்பிக்கும். கம்பெனிக் கடிதம் இல்லாததால் கையெழுத்தும் என்னுடையதே; இனிஷியலும் பெயரும் மட்டும் போட்டிருந்தேன், ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது. திருத்தி எழுதட்டுமா என்று என் கணவரிடம் கேட்டேன். "நல்லாத்தான பதில் போடுதாரு, எதுக்குக் குழப்பணும்" என்றார்.

மார்கழியில் டிரெயினிங் ஆரம்பித்தது. பிரஸ்காரர் காலண்டர் படத்தைக் காட்டித் தச்சாசாரியிடம் இரண்டு ஜோடிப் பலகை செய்யச் சொன்னார். ஆசாரி நுனியைத் தண்ணீரில் ஊறவைத்து நெருப்பில் காட்டி வளைத்துக் கொடுத்தார். காலில் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றதும், "ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டாராம்.

சறுக்க எங்கே போவது? கண்மாய்க் கரையில் முள். மணலில் பலகை நகரவில்லை. கடைசியில் அண்ணாச்சியின் கிட்டங்கியில் கூரையில் பாதி உயரத்துக்குக் குவித்திருந்த மல்லிதான் தோதாகப் பட்டது. உருண்டை உருண்டையாக, காலை வைத்தால் வழுக்கும். தின்னும் பண்டத்தை மிதிக்கலாமா என்று மதினி ஆட்சேபித்தார். பலகை புதுசு, கால் படாது என்று சமாதானம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிரில் வாத்தியார் விசிலோடு கீழே நின்றார். நானும் மதினியும் கதவோரம். முதலில் பிரஸ்காரர். விசில் அடித்ததும் அவர் வந்தார், பலகை வரவில்லை. அது மல்லிக்குள் புதைந்து அங்கேயே நின்றது. கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று வாத்தியார் பாடம் சொன்னார். அடுத்து அண்ணாச்சி. மூட்டை தூக்கும் ஆட்கள் நாலு பேர் அவரைக் குவியலின் உச்சிக்குத் தள்ளி ஏற்றினார்கள். அவருக்குக் கயிறு இறுக்கமாகவே கட்டப்பட்டிருந்தது.

"குனிங்க, அண்ணாச்சி. முழங்காலை மடக்குங்க" என்றார் வாத்தியார்.

"மடக்குனா எந்திரிக்க முடியாதுய்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி புறப்பட்டுவிட்டார். நின்றபடியே, கையை அகல விரித்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் குவியல் முழுக்க இறங்கினார். அவ்வளவு அழகாக ஒருவர் சறுக்கி நான் அதற்குப் பிறகு குல்மார்க்கில்தான் பார்த்தேன். குவியல் முடிந்த இடத்தில் தரை அவரை நிறுத்தவில்லை. மல்லியும் கூடவே உருண்டு வந்தது. எதிரே அடுக்கியிருந்த வத்தல் மூட்டைகளில் போய்த்தான் நின்றார். மேல்மூட்டை சரிந்து தையல் பிரிந்தது.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் கிட்டங்கியில் பேச்சு இல்லை. எல்லாருக்கும் தும்மல். வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்திருந்ததால் அவருடைய ஒவ்வொரு தும்மலும் தெருவுக்கே கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு சுமைக்காரர், "அண்ணாச்சி, அங்கனயே இருங்க, ஹெலிகாப்டர் வருதான்னு பாக்கேன்" என்றார். அண்ணாச்சி மூட்டைமேல் சாய்ந்தபடியே, "நல்லாத்தாம்லே இருந்துச்சு" என்றார்.

உடுப்புதான் அடுத்த பாடு. எங்கள் ஊரில் கம்பளிக் கோட்டு யார் விற்பார்கள்? தையல்காரர் துணிக்குள் பஞ்சு வைத்து மெத்தைபோலத் தைத்துக் கொடுத்தார். பெண்களுக்குச் சேலைக்குள் போட்டுக்கொள்ளக் கால்சட்டை. மதினி அளவு கொடுக்க மறுத்து, அண்ணாச்சியின் பழைய சட்டை ஒன்றை நீட்டி, "இதுல பாதி வச்சுத் தைங்க" என்றார்.

முன்பணம் கட்டி, ரயிலுக்கும் டிக்கெட் எடுத்து, பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தந்தி வந்தது. அந்தக் காலத்தில் தந்தி என்றாலே அழுகைதான், என் மாமியார் படிக்கும் முன்பே மூக்கைச் சிந்தினார். நான் பிரித்துப் படித்தேன். ஹெலிகாப்டருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் உண்டு. வருகிறீர்களா, பணத்தைத் திருப்பவா?

அதே நாள் சாயங்காலம் டிரில் வாத்தியார் சைக்கிளில் வந்தார். ஹெட்மாஸ்டர் மனம் மாறி லீவு கொடுத்துவிட்டாராம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், ஆள் அனுப்பி வரவழைத்த அண்ணாச்சியும் மதினியும் உட்பட, எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஹெலிகாப்டர் இல்லாமல் போவதா வேண்டாமா என்று பேசினார்கள். அண்ணாச்சி தளர்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, "ரெண்டு மாசம் களி தின்னுருக்கேன். போகாம இருந்தா அது எதுக்குன்னு இருக்கும்" என்றார். போவது என்று முடிவாயிற்று. வாத்தியாரும் வருகிறார் என்றதும் எல்லாருக்கும் குஷி.

வாசற்படியருகே நின்ற எனக்குத்தான் முதலில் உறைத்தது. குழுவுக்கு ஆறு பேர்தான், வாத்தியாரோடு ஏழு. ஹெலிகாப்டர் இல்லையென்றால் எடைக்கு ஈடு எதற்கு?

எனக்கு உறைத்தது கொஞ்சம் கழித்து அவர்களுக்கும் உறைத்தது. யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. என் கணவர் எழுந்து வந்து, தாழ்ந்த குரலில், "வாத்தியாரு ஆரம்பத்துல இருந்தே ஆசைப்பட்டவரு. நீ அடுத்த தடவை வந்துக்கிறியா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. என்னிடம்தான் சொல்ல வரும்.

அழுதுவிட்டால் சரி என்று சொன்னதாக ஆகிவிடும் என்று பட்டது. தந்திப் பாரத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து, அவர்கள் பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அதற்குமுன் நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

"பதில் எழுதணும், பேரைச் சொல்லுங்க" என்றேன். "மொதல் பேரு என் பேரு. நாந்தான் அந்த ஆபீசருக்குப் பதினாலு கடுதாசி எழுதியிருக்கேன். அங்கன போய் எறங்குனா அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நான். மத்த அஞ்சு பேரு யாருன்னு நீங்க சொல்லுங்க."

பேனா மூடியைக் கழற்றினேன்.

"ரெண்டாவது பேரு என் பேரு" என்றார் மதினி, அடுக்களையிலிருந்து.

என் கணவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுதச் சொல்வதுபோலத் தலையை ஆட்டினார். ஆண்கள் நாலு பேருக்கு இடம், இருப்பது ஐந்து பேர். அப்போது ஆனைக்குட்டத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். மூன்று மாதத்தில் அவர் வாய்திறந்தது ஏழெட்டு முறைதான் இருக்கும்.

"எனக்கு அந்த ஹெலிகாப்டர்தான் பாக்கணும்னு இருந்துச்சு. பனி எதுக்கு எனக்கு? மார்கழியில விடியக்காலம் வயக்காட்டுக்குப் போனா அம்புட்டுப் பனி கெடக்கு. என் தம்பிகிட்ட அறுப்பைப் பத்தி யாருமே இன்னும் கேக்கலை. வாத்தியாரு போகட்டும்" என்றார். அவர் முகத்தில் மூன்று மாதமாகக் காணாத நிம்மதி இருந்தது.

விபத்து நேர்ந்தால் தகவல் தர வேண்டியவர் என்ற இடத்தில் மட்டும் வாத்தியாருக்குப் பதில் ஆனைக்குட்டத்துக்காரர் பெயரை எழுதச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் போட்டேன்.

டெல்லி ரயிலடியில் அந்த அதிகாரி வந்து காத்திருந்தார். நரைத்த மீசை, கையில் பிரம்பு. எங்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை, பஞ்சு மெத்தை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான். என் பெயரைச் சொல்லி, அந்தக் கனவான் எங்கே என்று என் தலைக்குமேலே பார்த்துக் கேட்டார். நான்தான் என்றேன். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அம்மா, தேர்ந்தவர் என்று பொய் எழுதாத ஒரே குழு உங்களுடையதுதான்" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன். டிரில் வாத்தியார் வேறு பக்கம் பார்த்தார்.

குல்மார்க் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் பனியை எழுதிக் காட்ட எனக்கு வராது. கண் கூசியது, காது விறைத்தது, மூச்சு விட்டால் புகை வந்தது. மதினி கொண்டுபோன ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் கல்லாக உறைந்துவிட்டது. ஆசிரியர் ஒரு காஷ்மீரி இளைஞர். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும், எங்களுக்கு அவர் பாஷையும் தெரியாததால் விழுந்து விழுந்துதான் பாடம் நடந்தது. நாலாம் நாள் சின்னச் சரிவில் நான் விழாமல் அடிவரை வந்துவிட்டேன். இருபது கஜம் இருக்கும். பலகை நின்ற பிறகும் எனக்குள் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மேலே என் கணவர் இரண்டு குச்சியையும் ஊன்றிக்கொண்டு, நகரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றிருந்தார். வெடிமருந்துக்கு நடுவில் அலட்சியமாக நடக்கிற மனிதர்.

"எப்பிடிப் புள்ள வந்த?" என்று கத்தாமல் கேட்டார். சத்தம் போட்டால் மலை சரியும் என்பது அவர் மனத்தில் பதிந்துவிட்டது. எட்டு நாளும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு விருதுநகரில் எண்ணெய் மில் முதலாளி, அண்ணாச்சியிடம் ஹெலிகாப்டர் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி பொய் சொல்லுகிறவர் இல்லை. "அதை விடுங்க. மேல இருந்து நின்னுக்கிட்டே வந்திருக்கீகளா?" என்றாராம். அதற்குப் பிறகு அந்த முதலாளி காசிப் பேச்சை எடுப்பது குறைந்தது.

மறு வருடம் ஐப்பசியில் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. 'அன்புள்ள அம்மா' என்று ஆரம்பித்திருந்தார். இந்தத் தடவை வருகிறீர்களா என்று கேட்டிருந்தார். எனக்கு அப்போது ஆறாம் மாதம். பிரஸ்காரர் புது மெஷின் இறக்கியிருந்தார், வாத்தியாருக்கு மாற்றல் வந்திருந்தது. என் கணவர் அந்தக் கடிதத்தைத் தொடவே இல்லை. அண்ணாச்சியும் மதினியும் மட்டும், பம்பாய்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்த ஒரு குழுவில் போனார்கள். அவர்களுக்கான கடிதங்களை நான்தான் எழுதினேன்.

தை கடைசியில் எனக்கு ஒரு கார்டு வந்தது. மதினி தன் கையாலேயே, பென்சிலால் எழுதியிருந்தார். "இங்கன எல்லாரும் சுகம். பம்பாய்க்காரக புளிக்குழம்பு கேட்டு வாங்கித் திங்காக. நான் மூணு தடவை விழுந்தேன், ஒங்க அண்ணாச்சி ஏழு தடவை. நீ வெயிட்டுத் தூக்காத."